தங்கராசு அண்ணன் துடைத்த தூசி

தையல் முடிந்த புத்தகங்கள் ரேப்பருக்காக, அதாவது மேலட்டைக்காக, கட்டுக் கட்டாகக் காத்திருந்தன. மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தேன். கமாவைப் பற்றிய பாடம். அதில் கமாவைக் காணோம்.

நான் நாரணாபுரம் பக்கம் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் இங்கிலீஷ் புரூஃப் பார்ப்பவன். பட்டாசு லேபிள், காலண்டர், ஸ்கூல் நோட்டு எல்லாம் அடிப்போம். பட்டாசு லேபிளில் வாசிப்பதற்கு என்ன இருக்கிறது, அதற்கு ஒரு ஆள் எதற்கு என்று முதலாளி அண்ணாச்சி ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள் எஸ்தர் டீச்சரின் புத்தகம் வந்து என்னைக் காப்பாற்றியது.

டீச்சர் மிஷன் ஸ்கூலில் இங்கிலீஷ் நடத்தி ரிட்டையர் ஆனவர். பிள்ளைகளுக்காக ஒரு இலக்கணப் புத்தகம் எழுதியிருந்தார். பள்ளி திறக்கிற அன்று கைக்கு வந்தால் வகுப்பில் வைக்கிறோம், வராவிட்டால் வழக்கமான கைடுதான் என்று ஹெச்.எம். கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சர் பாதி நாள் பிரஸ்ஸில்தான் இருந்தார்.

அதில் அவருக்குச் செல்லமான பாடம், இரண்டு வாக்கியங்களை ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’ போட்டுச் சேர்க்கும்போது அதற்கு முன்னால் வரும் கமா. ‘தி ரெயின் கேம், ஸோ தி லோடு டிட் நாட் கோ’ என்று ஊருக்கேற்ற உதாரணங்களாக எழுதியிருந்தார்.

“சேர்த்து வச்ச பிறகு நடுவுல கமா எதுக்கு டீச்சர்?” என்றார் அண்ணாச்சி.

“ரெண்டும் தனியா நிக்கக்கூடிய வாக்கியம் அண்ணாச்சி. கல்யாணம் ஆனாலும் ஆளுக்கொரு தலகாணி வேணும்லா?”

அண்ணாச்சி அதற்குமேல் இலக்கணம் கேட்கவில்லை.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அந்தப் பாடத்தில் வாக்கியங்களைக் கறுப்பிலும், தலைப்பையும் கமாக்களையும் பெரிதாகச் சிவப்பிலும் போட்டால் பிள்ளைகள் கண்ணில் பளிச்சென்று படுமே என்றேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். நானே டிடிபி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு கமாவுக்கும் தாராளமாக இடம் விட்டுப் போட்டேன். அச்சுத் தொழிலில் எனக்கு ஒரு இடம் உறுதியாகிவிட்டது என்ற நினைப்போடு, மறுநாள் காரியாபட்டியில் ஒரு காதுகுத்துக்கு நாலு நாள் லீவு போட்டுக் கிளம்பிப் போனேன்.

இரண்டு கலர் என்றால் இரண்டு பிளேட், கலருக்கு ஒரு அச்சுத் தகடு. கறுப்பு பிளேட்டில் வாக்கியங்கள். சிவப்பு பிளேட்டில் பாடத் தலைப்பும், அதற்குக் கீழே பரந்த வெட்டவெளியில் அங்கங்கே ஒரு கமாவும். அந்தப் பிளேட் போய்ச் சேர்ந்தது தங்கராசு அண்ணனிடம்.

தங்கராசு அண்ணன் பிளேட்டைச் சுத்தம் பார்த்து மெஷினுக்கு அனுப்புகிறவர். காலண்டரில் பழகிய கை. அதில் ஒரு பொட்டுத் தூசி விழுந்தால் லட்சுமி கன்னத்தில் மரு முளைத்துவிடும். அதனால் அவர் கண்ணுக்கு எந்தப் பொட்டும் தப்பாது.

நான் திரும்பி வந்து கேட்டபோது பெருமையாகத்தான் சொன்னார்.

“ஒங்க செவப்பு பிளேட்ல எம்புட்டுத் தூசிங்கிறீக! கண்ணு பூத்துப்போச்சு. ஒண்ணொண்ணா அழிச்சு எடுத்தேன்.”

“அண்ணே, அது தூசியில்ல, கமா.”

அவர் தலையைச் சொறிந்தார். “அதான பார்த்தேன். எல்லாத் தூசிக்கும் எப்பிடி வாலு இருக்குன்னு.”

அண்ணாச்சி புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “ஏலே, பட்டாசுக்கடையைத் தொறந்து ஊதுபத்தி மட்டும் விக்கிற மாதிரி இருக்குலே! மெஷின் பூரா தீவாளி லேபிளு. திரும்ப அடிக்க எங்கன எடம் இருக்கு? ரேப்பர் மட்டுந்தான் இன்னும் ஓடல. டீச்சர் கிட்ட நீயே சொல்லு.”

பள்ளி திறக்க நாள் நெருங்கிவிட்டது. டீச்சர் வந்தார். நான் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார். நான் என் அடுத்த வேலையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

“யார் அழிச்சது?”

தங்கராசு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “நாந்தான் டீச்சர்.”

“ரொம்பச் சுத்தமா அழிச்சிருக்கீங்க.” குரலில் கோபம் தெரியவில்லை. “நானும் வருசக்கணக்கா பிள்ளைகளுக்குக் கமாவைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். ஒருத்தரும் அதைப் பார்க்கல. இப்பப் பாருங்க, இல்லாத எடம் கண்ணை உறுத்துது. எனக்கே கை துறுதுறுங்குது. ரேப்பரோட உள்பக்கம் காலியா இருக்கா?”

“அதுல நம்ம பிரஸ் வெளம்பரம்…” என்று இழுத்தார் அண்ணாச்சி.

“இருந்துச்சு” என்று டீச்சரே முடித்துவைத்தார்.

விளம்பரம் போய் அங்கே டீச்சரின் அறிவிப்பு ஏறியது: இந்தப் பாடத்தில் இடைவெளி விட்டிருக்கும் இடங்களில் மாணவர்கள் சிவப்புப் பேனாவால் கமா போட வேண்டும்.

“முதல் ஒண்ணை நாமளே போட்டுக் காட்டியிருந்தா நல்லாருக்கும்” என்றார் டீச்சர்.

இருந்தது. முதல் வாக்கியத்தின் கமா மட்டும் எங்கள் யார் கண்ணிலும் படாமல் மிச்சமிருந்தது; தலைப்பை ஒட்டி நின்றதால் தலைப்போடு சேர்ந்தது என்று தங்கராசு அண்ணன் விட்டிருந்தார். அத்தனை களேபரத்திலும் அவர் முகம் வாடியது அதைப் பார்த்துத்தான். “இது ஒண்ணு எப்பிடித் தப்புச்சு?” என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

பள்ளி திறந்த அன்று புத்தகம் வகுப்பில் இருந்தது. சிவப்புப் பேனா டீச்சர்களுக்கு மட்டுமே உரியது என்றிருந்த பிள்ளைகளுக்கு அது கையில் கிடைத்ததும் தலைகால் புரியவில்லையாம். வாக்கியத்தை விட்டுவிட்டு டீச்சர் பெயருக்கு நடுவில்கூட ஒருத்தன் கமா போட்டிருந்தான்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்களுக்குப் பிரமாதமான யோசனை ஏதாவது தோன்றினால், முதலில் பிளேட் துடைப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள். காதுகுத்துக்கு அப்புறம் போகலாம்.

அடுத்த வருஷம் புத்தகம் மறுபடி அச்சுக்கு வந்தது. இந்தத் தடவை கமாக்கள் இல்லாமலேயே டிடிபி செய்தேன், முதல் ஒன்றைத் தவிர. தங்கராசு அண்ணன் சிவப்பு பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தலைப்பு, அதன் கீழே ஒற்றைக் கமா.

“எல்லாத்தையும் நீங்களே தொடச்சுட்டா எனக்கு என்ன வேலை?” என்றவர், பிறகு கமா மேல் வைத்த விரலை எடுக்காமலே கேட்டார்: “இந்த வாலு இருக்கட்டுமா, வேண்டாமா? இப்பமே சொல்லிருங்க.”