வத்தேகம பஸ்ஸின் ஹோன்

தேசிய மெய்வல்லுநர் போட்டி அந்த வருடம் கண்டியில் நடந்தது. மைதானத்தை ஒட்டியே பஸ் வீதி. நூறு மீற்றர் இறுதியோட்டத்துக்கு எட்டுப் பேரும் கோட்டில் விரல் ஊன்றிக் குனிந்திருந்தோம். துப்பாக்கி வெடிக்குமுன் அசைந்தால் வெளியே போகவேண்டியதுதான்.

"செட்" என்றார்கள். இடுப்பை உயர்த்தினேன். மூச்சைக்கூட விடவில்லை.

வீதியில் ஒரு ஹோன் அடித்தது. இரண்டு முறை குட்டையாக, பிறகு நீளமாக. மற்ற ஏழு பேருக்கும் அது ஏதோ ஒரு பஸ். எனக்கு அது அப்பா. வத்தேகம பஸ்ஸை ஓட்டும் அவர் எங்கள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அப்படித்தான் அடிப்பார். துப்பாக்கி வெடிக்கும் முன்பே என் கால் உதைத்துவிட்டது. நடுவர் என் முன்னால் வந்து சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

மாலையில் வீட்டுக்கு வந்த அப்பாவைப் பார்த்ததும் கத்தவேண்டும் போலிருந்தது. அவசரப்பட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"நான் ஹோன் அடிச்சேனே, கேட்டுச்சா?"

"கேக்கலப்பா."

அவர் முகம் வாடியது.

"அதான் புள்ள, தைரியமில்லாம பதறியிருக்க. அடுத்த வருஷம் பஸ்ஸ நிறுத்தி வச்சே அடிக்கிறேன்."