ஊருக்குள் மெதுவாக ஓடியவள்

பெண்பிள்ளை ஒருத்தி ஏரிக்கரையில் ஓடினால் ஊர் அவளைப் பார்க்காது. அவளுக்குப் பின்னால் பார்க்கும். துரத்துவது நாயா, புருஷனா என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. பாகூர் ஏரிக்கரையில் செங்கமலம் முதன்முதலாக ஓடிய காலையிலும் அப்படித்தான் பார்த்தார்கள். பின்னால் யாரும் வரவில்லை. அதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

வயது நாற்பத்தைந்தைத் தொட்டவள். நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டு மருமகள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சர்க்கரை வந்தது, டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தாள். கொஞ்ச நாளில் நடை அலுத்துப்போய் ஓட ஆரம்பித்துவிட்டாள். அதற்கு மேல் காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சிலருக்கு வெற்றிலை பிடிக்கிறது, சிலருக்குச் சீட்டாட்டம் பிடிக்கிறது. இவளுக்கு ஓட்டம்.

புடவை காலைத் தடுக்கியது. சுடிதாருக்கு மாறினாள். அவள் புருஷன் அரிகரனுக்கு அண்ணன் தங்கவேல், கோயில் காரியம் பார்க்கிற பெரிய மனுஷன். ஒருநாள் வழியில் நிறுத்திக் கேட்டார்.

"இந்த வயசுல பேன்ட்டு கேக்குதாமா உனக்கு?"

"நான் எங்க மாமா கேட்டேன்? காலு கேட்டுச்சு, குடுத்தேன்."

அரிகரன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான். நல்ல மனுஷன். அண்ணனிடமும் பயம், பெண்டாட்டியிடமும் பயம். இரண்டில் ஒன்று ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டே குடும்பம் நடத்துகிறவன்.

முதலில் சின்னச் சின்ன ஓட்டங்களுக்குப் பாண்டிச்சேரிக்குப் போய் ஓடிவிட்டு வந்தாள். பிறகு ஒரு தை மாதத்தில் முழு மாரத்தான் வந்தது. வில்லியனூரில் கிளம்பி, பாகூர்ப் பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு, மணப்பட்டுக் கடற்கரையில் முடியும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்குள். பாதை அவள் ஊருக்கு நடுவாகவே போனது. பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில்தான் வினையும் இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். காவடி வந்தாலும் கரகம் வந்தாலும், மயிலத்துக்கு நடந்து போகிற கூட்டம் வந்தாலும், ஊருக்குள் வருகிற காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றாமல் விடமாட்டார்கள். வாசலுக்கு வாசல் குடத்தோடு நிற்பார்கள். செங்கமலம் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு ஓடி வருகிறாள் என்றதும் அவர்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஆரத்தி, மாலை, பம்பை. ஷூ போட்ட காலில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர். அன்புதான். அன்பு இல்லை என்று யார் சொன்னது?

அவளும் நின்றாள். கண் கலங்கியது. பேன்ட்டைப் பார்த்துச் சிரித்த ஊர் காலைக் கழுவுகிறது! அத்தனை பேர் பார்க்கும்போது ஆமை மாதிரியா போவது? பம்பைச் சத்தத்துக்கு இருபது வயதுக்காரி மாதிரி பறந்தாள். ஊர் எல்லைவரை பறந்தாள். எல்லை தாண்டி, பார்க்க ஆள் இல்லாத இடத்திலும் அதே மிதப்பில் பறந்தாள்.

நனைந்த ஷூ சும்மா இருக்குமா? குதிகால் தோல் உரிந்தது. விரலெல்லாம் கொப்புளம். அதைவிட, உடம்பில் இருந்த சத்தையெல்லாம் ஊர்க்காரர் கண்ணுக்கே செலவழித்திருந்தாள். வெயில் ஏறியபோது ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஓட முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போகிற வேன் வந்து ஏற்றிக்கொண்டது. பம்பை அடித்த அதே தெருவில், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

தங்கவேல் அன்றைக்கே வீட்டுக்கு வந்தார். நாலு பேர் கூட வந்தார்கள்.

"ஊரு கூடி மரியாத செஞ்சி அனுப்பினோம். நீ வேன்ல வந்து எறங்குற. எங்க மூஞ்சிய எங்கம்மா வெச்சிக்கறது?"

செங்கமலம் உப்புத் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மூஞ்சி இருக்கற எடத்துலயே இருக்கட்டும் மாமா. அடுத்த வருஷம் இதே ஓட்டத்த ஓடி முடிக்கிறேன். முடிக்கலன்னா ஷூவக் கழட்டிடறேன். அதுக்கப்பறம் நான் ஓடி எவன் கண்ணுலயும் பட மாட்டேன்."

"பேச்சு மாறக்கூடாது."

"மாறினாத்தான?"

அவர்கள் போனதும் அரிகரன் கிசுகிசுத்தான். "ஏன்டி வாயக் குடுத்தே?"

"காலுதான் புண்ணு. வாய் நல்லாத்தான இருக்குது."

வாய் நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சுக்குள் கலக்கம். ஓடாமல் இருப்பது என்றால் பழையபடி அடுப்பங்கரை, மாத்திரை, அக்கம்பக்கத்துப் பேச்சு. விடிகாலையில் ஏரிக் காற்று முகத்தில் அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் யாருடைய மருமகளாகவும் யாருடைய பெண்டாட்டியாகவும் இல்லாமல் அவள் இருக்கிற நேரம். அதைப் பந்தயத்தில் வைத்துவிட்டாள்.

எங்கே தோற்றோம் என்று நாள் கணக்கில் யோசித்தாள். ஒருநாள் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்த புருஷனிடம் கேட்டாள்.

"நம்ம நெலம் எங்க இருக்குது?"

"கடைமடையில. ஏன், வித்துட்டாங்களா?"

"மதகு தொறந்ததும் மேல இருக்கறவன் பூரா வாங்கிக்கிட்டா நமக்கு இன்னா வரும்?"

"சேறு வரும்."

"அதாங்க போன வாட்டி ஆச்சி. ஊருக்குள்ளயே பூராத்தையும் பாய்ச்சிட்டேன். கடைமடை காஞ்சிபோச்சி."

ஓட்டத்தில் பழக்கமானவள் கீதாஞ்சலி. திருக்கனூரில் உரக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண். அவள் போனில் ஒரு வழி சொன்னாள். "பாதி தூரம் வரைக்கும் பேசிக்கிட்டே ஓடணும் அக்கா. மூச்சு வாங்காம முழுசா ஒரு பேச்சு பேச முடியணும். பேச்சு அறுந்துச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். அதுக்கு மேலதான் வாய மூடிக்கிட்டு ஓடறது."

பேச்சுக்குப் பஞ்சமா? அரிகரன் மொபெட்டை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வர, கத்தரிக்காய் விலையில் தொடங்கி நாத்தனார் வீட்டுக் குறை வரைக்கும் பேசிக்கொண்டே கரையில் ஓடினாள். ஒருநாள் அவன் வண்டியை நிறுத்திவிட்டான். "ஓடறது நீ. மூச்சு வாங்கறது எனக்கு. எங்க அக்காவ இதுக்கு மேல திட்டாத."

வேகமாக ஓட வீரம் வேண்டியதில்லை. பயந்த ஆடுகூட ஓடும். காலில் தெம்பு துள்ளும்போது அதைப் பிடித்து வைத்திருப்பது இருக்கிறதே, அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். அதுவும் தெரிந்தவன் பார்க்கும்போது. சாணம் அள்ளுகிறவள்கூட, "இன்னா செங்கமலம், நடந்தாவே சீக்கிரம் போயிடலாமே" என்று கேட்டாள். செங்கமலமும் விடவில்லை. "நீ நடந்து வா, நான் ஓடியாறேன். யாரு மொதல்ல வூடு போறதுன்னு பாப்போம்."

வருஷம் திரும்பியது. வில்லியனூரில் விடிவதற்கு முன்னால் கூட்டம் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் பொடிப்பயல்கள் எல்லாம் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்கள். கால் துறுதுறு என்றது. பின்னால் இருந்த கூட்டமும் முன்னால் போய், கடைசியில் தெருவிளக்கும் அவளும் கீதாஞ்சலியும்தான்.

"இன்னா கொழம்பு வெச்ச நேத்து?" என்று கேட்டாள் செங்கமலம்.

"வத்தக்கொழம்பு அக்கா."

"சுண்டக்காயா, மணத்தக்காளியா?"

இப்படியே மங்கலம் தாண்டினார்கள், கரிக்கலாம்பாக்கம் தாண்டினார்கள். பொழுது நன்றாக விடிந்துவிட்டது. தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டதும் செங்கமலம் பேச்சை நிறுத்தினாள். அவள் ஊர் வந்துவிட்டது.

இந்தத் தடவை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். யார் கேட்டார்கள்? சாமி காரியத்தை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள், பம்பையை நிறுத்த மாட்டார்கள். சாலையை அடைத்துக்கொண்டு கூட்டம். நடுவில் மாலையோடு தங்கவேல். அவர் பெண்டாட்டி கோகிலாம்பாள் பித்தளைக் குடத்தோடு. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு குடம்.

கால் தானாக வேகம் எடுக்கப் பார்த்தது. பம்பை அடிக்கிறவன் வேறு அவளைப் பார்த்ததும் அடியை முறுக்கினான். செங்கமலம் பல்லைக் கடித்து அதே நடையில் போனாள். ஊர் சிரித்தது.

"இன்னாக்கா, வண்டி பஞ்சரா?"

"பஞ்சர் இல்லடா, பெட்ரோலு இன்னும் நெறைய கீது, அதான் பாத்து ஓட்டறேன்."

"நம்ம கெழட்டு மாடுகூட இதவிட வேகமாப் போவுமே!"

"அப்ப அதுக்கு ஒரு நம்பர் வாங்கிக் குத்தி அடுத்த வருஷம் அனுப்பு, நானும் பாக்கறேன்."

பக்கத்தில் கீதாஞ்சலிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, முழுசு முழுசா பேசற. வேகம் கரெக்ட்டு" என்றாள்.

தங்கவேல் மாலையைத் தூக்கினார். "நில்லுமா."

"நிக்க மாட்டேன் மாமா. வழி வுடுங்க."

"ஊரு மரியாதம்மா இது."

"தெரியும் மாமா. போன வாட்டி வாங்கிக்கிட்டு வேன்ல வந்தேன். இந்த வாட்டி வாணாம்."

அவர் நகரவில்லை. பெரிய மனுஷன் நகர்வாரா? செங்கமலமும் நிற்கவில்லை. சாலையோரத்தில் யாரோ நெல் காயப் போட்டிருந்தார்கள். அதற்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அதில் கால் வைத்துச் சுற்றிக்கொண்டு போனாள். கோகிலாம்பாள் விட்டாளா? "எங்கடி போற, ஆத்தாவுக்கு ஆவாது!" என்று குடத்தைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

செங்கமலம் அந்த ஒரு இடத்தில்தான் வேகம் எடுத்தாள். ஒரே தாவு. தண்ணீர் தார் ரோட்டில் விழுந்தது.

"அக்கா, ஆத்தா கால்ல ஊத்து, குளிரட்டும். என் காலு ஓடணும்!"

பம்பை நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் யாரோ, "திமிர் புடிச்சவ" என்றது காதில் விழுந்தது. மாலையோடு நின்ற தங்கவேலின் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவளும் அந்தக் குடும்பத்துச் சோறு தின்கிறவள்தானே. ஊர் எல்லைவரை நெஞ்சு அடித்துக்கொண்டது; ஓட்டத்தால் அல்ல. ஆனாலும் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எல்லை தாண்டியதும் கீதாஞ்சலி, "நான் முன்னாடி போறேன் அக்கா" என்றாள். சின்ன வயசு, கால் நீளம். கூடவே போய்விடலாமா என்று தோன்றியது. "நீ போ. நான் என் தண்ணிய வெச்சித்தான் பாய்ச்சணும்" என்று அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

வெயில் வந்தது. உப்புக்கறை படிந்த சட்டை உடம்பில் அறுத்தது. தொடை கல்லாக இறுகியது. போன வருஷத்துப் புளியமரம் வந்தபோது நிழல் கூப்பிட்டது. அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனாள். மரத்தடியில் இரண்டு பையன்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். காலையில் அவளை இடித்துக்கொண்டு போனவர்கள். "வாங்கடா, எழுந்து மெதுவா நடந்தாச்சும் வாங்க" என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் மூச்சு போய்விடும். கையை மட்டும் ஆட்டினாள்.

கடலூர் ரோட்டைக் கடந்து மணப்பட்டுப் பக்கம் திரும்பியபோது வழிகாட்ட நின்ற ஒரு தொண்டர் கத்தினார். "அம்மா, டைம் முடியப் போவுது! வேன்ல ஏறிக்கிறீங்களா?"

வேன்! அந்த ஒரு வார்த்தை போதும். அடியில் பத்திரமாகத் தேக்கி வைத்திருந்ததை அப்போதுதான் திறந்துவிட்டாள். சவுக்குத் தோப்புக்கு நடுவே மணல் கலந்த சாலை. நடந்து போகிறவர்களை, நொண்டுகிறவர்களை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களை எல்லாம் தாண்டிக்கொண்டு போனாள். அழகான ஓட்டம் ஒன்றும் இல்லை. தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வாய் பிளந்திருந்தது. பார்க்க ஊரும் இல்லை, பம்பையும் இல்லை. வலை உதறிக்கொண்டிருந்த நாலு மீனவர்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

கோட்டைத் தாண்டியபோது நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். எப்போதோ முடித்துவிட்டுக் காத்திருந்த கீதாஞ்சலி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அரிகரன் மொபெட்டில் வந்து நின்றிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றான். அதற்குள் அவன் போன் அடித்தது. அண்ணன்.

"முடிச்சுட்டாண்ணே… ஆமாண்ணே… நேரத்துக்குள்ளதாண்ணே…" என்று இழுத்துவிட்டு, நெருப்பைக் கை மாற்றுகிற மாதிரி போனை அவளிடம் நீட்டினான்.

மணலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி வாங்கினாள். அந்தப் பக்கம் தங்கவேல் தொண்டையைக் கனைத்தார்.

"ஊரு முன்னாடி என்ன நிக்க வெச்சிட்டுப் போயிட்ட."

"ஆமா மாமா. அதுக்கு நீங்க திட்டுங்க, கேட்டுக்கறேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் பெருமூச்சுதான் விட்டார்.

"சரி வுடு. சொன்னத செஞ்சிட்ட. ஜெயிச்சிட்ட. மெடல மாட்டி வெச்சிட்டு இத்தோட இந்த ஓட்டத்த நிறுத்திடு. இனிமே வூட்டப் பாரு."

செங்கமலம் சிரித்தாள். இடுப்பெல்லாம் வலித்தது அந்தச் சிரிப்பில்.

"மாமா, தோத்தா வுடறேன்னுதான சொன்னேன். ஜெயிச்சா வுடறேன்னு எப்ப சொன்னேன்?"