ஏழாவதாக எடுத்த அட்டை

அந்தப் பெட்டிக்குள் கையை விட்டபோதெல்லாம் நான் யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்? ஆண்டவரிடம் என்றுதான் அன்று சொல்லியிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை.

அது வாக்குத்தத்தப் பெட்டி. கிறிஸ்தவர்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். ரொட்டி போல மஞ்சள் பிளாஸ்டிக்கில் செய்திருப்பார்கள். நடுவில் ஒரு பள்ளம், அதில் விரல் அகல வண்ண அட்டைகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம், ஆண்டவர் தரும் உறுதிமொழி. காலையில் ஜெபம் முடித்து ஒன்றை உருவிப் படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அதில் ஒரு தவறும் இல்லை. எங்கள் கடலூர் சபைப் பெண்கள் என் கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசு அது. ஃபிரிட்ஜ் மேல் தூசி படிந்து கிடந்ததை, மகளுக்கு ஒன்றே முக்கால் வயதானபோது துடைத்துக் கீழே இறக்கினேன்.

அவள் பேசவில்லை. ஒரு சொல்கூட இல்லை.

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் ஒன்றாக இருந்த அம்மாக்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அதில் தினமும் யாராவது ஒரு வீடியோ போடுவார்கள். ஒரு குழந்தை நிலாவைக் காட்டும், இன்னொன்று அத்தை பெயரைச் சொல்லும். நான் கைதட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைப்பேன். கணவருக்குக் கடலோரக் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருந்தால் தூங்குவார். என் அப்பா அம்மா சிதம்பரம் வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணனோடு பெங்களூர் போய்விட்டார்கள். நாள் முழுக்க அந்த மாடி வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்கும். "பாப்பா இட்லி சாப்புடுதா? அம்மா சட்னி வெக்கட்டுமா?" கேள்வியும் நானே, பதிலும் நானே. சில மத்தியானங்களில் அதையும் நிறுத்திவிடுவேன். அப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும்.

"எங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசனாராம். அப்பறம் நிறுத்தவே இல்லன்னு வெச்சுக்கோ" என்பார் கணவர். நான் சிரிப்பேன். அவர் வேலைக்குப் போனதும் பெட்டியை எடுப்பேன்.

நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள். மகள் பிறக்கும்வரை ஒரு கல்லூரியில் பாடமும் எடுத்தேன். வேண்டியது விழும்வரை எடுத்துக்கொண்டே இருந்தால் அதற்குச் சோதனை என்று பெயர் இல்லை, அதை மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனாலும் முதலில் காலையில் ஒன்று எடுத்தேன். பிறகு அவள் சோறு துப்பினால் ஒன்று, கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் ஒன்று. பிடிக்காதது வந்தால் இன்னொன்று. எடுத்த அட்டையைத் திரும்ப உள்ளே வைக்காமல் தரையில் வரிசையாக வைப்பேன். உள்ளே வைத்தால் மறுபடி அதுவே வந்துவிடக்கூடும் அல்லவா. படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

தடுப்பூசி போடப் போனபோது டாக்டர் என் மகளின் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. "காது ஒருதடவ டெஸ்ட் பண்ணிடுங்கம்மா" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அந்தச் சீட்டை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்று மாலை பெட்டிமுன் உட்கார்ந்தேன். டெஸ்ட்டுக்குப் போகவா, வேண்டாமா? முதல் அட்டை பயப்படாதே என்றது. அது போ என்பதா, போகாதே என்பதா? இரண்டாவது பொறுமையைப் பற்றி. மூன்றாவது எனக்குப் பொருந்தவில்லை. நான்காவது, தான் நேசிக்கிறவனை ஆண்டவர் சிட்சிப்பதை, அதாவது தண்டித்துத் திருத்துவதைப் பற்றி இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்து, ஆறு. ஏழாவது அட்டையில், பேசாத நாவும் பாடும் என்ற பொருளில் ஒரு வசனம். அப்படியே தரையில் சாய்ந்து அழுதேன். மகள் வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்து விளையாடினாள். டாக்டர் சீட்டை மடித்து அந்தப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அங்கே அது பதினோரு மாதம் இருந்தது.

அடுத்த வாரம் சபையில் பெண்கள் கூடுகை. ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல யாராவது உண்டா என்று கேட்டபோது எழுந்தேன். என் மகளைப் பற்றி ஆண்டவரிடம் கேட்டேன், இந்த வசனத்தைக் கொடுத்தார் என்றேன். முதல் ஆறு அட்டைகளைப் பற்றிச் சொல்லவில்லை. பொய் சொன்னேன் என்று அப்போது தோன்றவே இல்லை. பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவிக் கொடுத்தார். என்னை ஒருவர் அப்படித் தொட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அந்தத் தடவலுக்காகவே இன்னொரு சாட்சி சொல்லியிருப்பேன்.

பதினோரு மாதம் நான் காத்திருந்தேன். விசுவாசத்தோடு காத்திருக்கிறாள் என்று சபையில் பேசிக்கொண்டார்கள்.

கீழ்வீட்டு அக்கா ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். மகனுக்கு வந்த ஒரு வரனைப் பற்றிப் பூப்போட்டுப் பார்க்க ஊருக்குப் போய்வந்திருந்தார். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்களாம். இவர்கள் வேண்டிக்கொண்டது சிவப்பு. வந்தது வெள்ளை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இதைச் சொன்னார்.

"அப்ப அந்தப் பொண்ணு வேணாமாக்கா? உங்களுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சே."

"புடிச்சுதான் இருந்துச்சு. இன்னா பண்றது? வேணாம்னு வந்துடுச்சு."

"இன்னொரு தடவ போட்டுப் பாக்கறதுதானே?"

அவர் ஈரப் புடவையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நம்ம இஷ்டத்துக்கு வர்ற வரைக்கும் எடுத்துகிட்டே இருந்தா அப்பறம் எதுக்கும்மா சாமி? நாமளே முடிவு பண்ணிக்கிட்டுப் போவலாமே. ஆமா, நீ வெச்சிருக்கியே ரொட்டிப் பொட்டி, அதுல வேணாம்னு வர்ற சீட்டு இருக்கா?"

"இல்லக்கா. எல்லாமே நல்ல வார்த்ததான்."

"அப்ப அது கேக்கற பொட்டி இல்லம்மா. சும்மா குடுக்கற பொட்டி." சிரித்துவிட்டு, கிளிப்புக் கூடையை வேண்டுமென்றே கீழே போட்டார். தகரக் கூடை. என் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாடி மூலையில் கிடந்த மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அக்கா சிரிப்பதை நிறுத்தினார். "பாப்பாவ எங்கனா காட்டும்மா" என்றார் மெதுவாக.

சிறுவயதில் இருந்தே பூப்போட்டுப் பார்க்கிறவர்களை மனதுக்குள் கொஞ்சம் கீழாகப் பார்த்தவள் நான். நாங்கள் உயிருள்ள தேவனைக் கும்பிடுகிறவர்கள் என்ற எண்ணம். அந்த அக்காவோ கசந்த பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு ஊரிலிருந்து திரும்பியிருந்தார். நான் ஒருநாளும் அப்படி வாங்கியதில்லை.

அன்றே பெட்டிக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்தேன். சிதம்பரத்தில் காது டெஸ்ட் எடுக்கும் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினேன். கடலூரிலும் எடுத்திருக்கலாம். ஆனால் சபையில் யாராவது பார்த்துவிட்டால்? அந்தப் பயம் என்னை நாற்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் போகவைத்தது. கணவருக்கு அன்று காலை ஷிப்ட். நான் மட்டும் போனேன்.

குழந்தை தூங்கும்போதுதான் அந்த டெஸ்ட் எடுக்க முடியும், அதனால் வரும் வழியில் தூங்கவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் அவள் கண் சொருகியது. முகத்தில் தண்ணீர் தடவினேன். புதுச்சத்திரத்தில் பிஸ்கட் கொடுத்தேன். முட்லூர் வரும்போது வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "கொயந்தைய தூங்க வுடும்மா, பாவம்" என்றார் பின்சீட்டுக்காரர். நான் மறுபடி தண்ணீர் தடவினேன். பிறந்த ஊரில் இறங்கி, கீழ வீதி வழியாக ஆட்டோவில் போனேன். எங்கள் வீடு அங்கே பூட்டிக் கிடந்தது, போய் உட்கார இடம் இல்லை.

வரிசையில் காத்திருந்தபோது கைப்பையைத் துழாவினேன். நல்ல அட்டைகள் ஐந்தை அதில் எப்போதும் வைத்திருப்பேன். அவற்றைத் தொட்டுவிட்டு, எடுக்காமல், ஃபோனில் அன்றைக்குப் படிக்கவேண்டிய வேதபாகத்தைத் திறந்தேன். வருடத்துக்குள் வேதம் முழுதும் படித்து முடிக்கும் அட்டவணைப்படி வந்த பகுதி. தேடி எடுத்ததல்ல. பெரியவர்கள் சிலர் தீர்க்கதரிசி முன் வந்து உட்காருகிறார்கள், ஆண்டவர் என்ன சொல்கிறார் என்று கேட்க. அவர்கள் தங்கள் இருதயத்தில் விக்கிரகங்களை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்க வருகிறார்களே என்கிறார் ஆண்டவர். கேட்கப் போனவர்கள்தான் அவர்கள். ஒழுங்காக, பக்தியாக, முன்னால் போய் உட்கார்ந்தவர்கள். திரும்புங்கள் என்றுதான் அவர்களுக்குப் பதில் வருகிறது.

இதுவும் ஏழாவது அட்டையைப் போல எனக்கு நானே எடுத்துக்கொண்டதோ என்று உடனே சந்தேகம் வந்தது. இன்றும் வருகிறது. ஆனால் இது எனக்குப் பிடித்த பதில் இல்லை.

மகள் என் தோளில் தூங்கிப்போனாள். சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் அழைத்துப்போய், அவள் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நான், மகள், அவ்வளவுதான். என் மூச்சு எனக்கே கேட்டது. அவள் எந்தச் சொல்லைச் சொல்லவேண்டும் என்று நான் இவ்வளவு நாள் கேட்டேன் என்று யோசித்தேன். அம்மா. ஒவ்வொரு அட்டையிலும் அதைத்தான் தேடினேன். அவளுக்குக் கேட்கிறதா, காது வலிக்கிறதா என்று ஒரு நாளாவது அட்டை எடுத்தேனா? இல்லை. என்னை அம்மா என்று அவள் கூப்பிட வேண்டும். அந்தச் சொல்லை உட்காரவைத்துத்தான் இவ்வளவு காலம் கும்பிட்டிருக்கிறேன். ஆண்டவரை அதற்கு வேலைக்காரராக வைத்திருந்தேன்.

உம்முடைய சித்தம் எதுவானாலும் சரி என்று ஜெபிக்க முயன்றேன். வரவில்லை. வரவில்லை என்பதைச் சொன்னேன். எனக்கு உம்மைவிட அந்தச் சொல் பெரிதாகிவிட்டது, நான் திரும்பி வரவேண்டும், எப்படி என்று தெரியவில்லை என்றேன். பதில் எதுவும் வரவில்லை. எந்த வசனமும் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு தனியாக நான் ஒருபோதும் இருந்ததில்லை, ஆனாலும் பைக்குள் கை போகவில்லை.

"செவிப்பறைக்குப் பின்னாடி தண்ணி கட்டியிருக்கு" என்றார் காது டாக்டர். "நாம பேசறது இவளுக்குத் தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கும். சரி பண்ணிடலாம். எவ்ளோ நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். "முன்னாடியே வந்திருக்கலாம்."

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாவது அட்டை என்பதையும்.

"தெரியும்" என்றார். "அன்னிக்கி நான் வந்தப்ப தரையில ஆறு அட்ட கெடந்துச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ அழுதுகிட்டு இருந்த." பிறகு, "எனக்கும் அது நெசமா இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு" என்றார். பதினோரு மாதம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் இதைத் தனித்தனியே வைத்திருந்திருக்கிறோம்.

மருந்தில் நீர் குறையாததால் காதில் சின்னக் குழாய் வைத்தார்கள். அதன்பின் வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குச் சிதம்பரம். அவள் சொன்ன முதல் சொல் பஸ். கடலூர் பஸ் ஸ்டாண்டில், தெளிவாக, கையை நீட்டி. அம்மா என்ற சொல் வர இன்னும் நாலு மாதம் ஆனது. வந்த அன்று நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், "என்னம்மா" என்றேன், அவ்வளவுதான். இப்போது மூன்றரை வயது. வயதுக்குப் பின்தங்கித்தான் பேசுகிறாள். என்னால் பின்தங்கினாள் என்று சில காலைகளில் எழும்போதே நினைவு வரும். அந்த நினைவையும் ஒரு விக்கிரகமாக வைத்துக்கொள்ளாதபடிக்கு ஜெபிக்கிறேன். ஜெபம் முன்போல இனிப்பாக இல்லை. பெரும்பாலும் அந்த அறையின் அமைதிதான். அதில் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியைப் பரணில் வைத்தேன். வசனம் உள்ளதைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு இளம்பெண் என்னிடம் வந்தாள். மகனுக்கு ஒன்றரை வயது. இன்னும் நிற்கவில்லை.

"அக்கா, நீங்க சாட்சி சொன்னீங்களே, அந்தப் பொட்டியக் கொஞ்ச நாளைக்கிக் குடுப்பீங்களா? பாப்பா இப்ப எவ்ளோ அழகா பேசுது. எனக்கும் ஒரு வார்த்த வந்துட்டா போதுங்க்கா. டாக்டரு நரம்பு டெஸ்ட்டு அது இதுன்னு பயமுறுத்தறாரு."

"டெஸ்ட்ட மொதல்ல எடுத்துடும்மா" என்றேன்.

"எடுக்கலாங்க்கா. மொதல்ல வசனம் வரட்டும்."

அவள் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். முதுகைத் தடவியவரும் நின்றார். "தேடிப் பாக்கறேன்" என்று சொல்லி வந்துவிட்டேன். இரண்டாவது முறையாக அந்தப் பெட்டியைப் பற்றி உண்மையை விழுங்கிவிட்டேன்.

வருகிற ஞாயிறு அவள் மறுபடி கேட்பாள். அந்த ஆறு அட்டைகளையும் அவளிடம் மட்டும் தனியாகச் சொன்னால் போதுமா? அல்லது சாட்சி சொன்ன அதே இடத்தில் எழுந்து நின்று சொல்லவேண்டுமா? அப்படிச் சொன்னால், இன்று எதையோ பிடித்துக்கொண்டு நிற்கும் அவளுடைய விசுவாசம் உடைந்துவிடுமா? உங்களில் யாராவது சொன்ன சாட்சியை இப்படித் திருத்திச் சொல்லியிருந்தால், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் பதில் ஞாயிற்றுக்குள் வந்து சேராது என்றாலும் எழுதுங்கள். டெஸ்ட்டுக்கு அவளோடு துணைக்குப் போவதாக மட்டும் முடிவு செய்திருக்கிறேன்.