சாமித்தட்டுக்கு மேல் ஏவுகணை வண்டி

நேற்றுப் போர்ச் செய்தியில் ஓர் ஆறு சக்கர வண்டி எரிந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் ஆறு ஏவுகணைப் பெட்டிகள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

எண்பதுகளில், சுவிஸில், வின்டர்தூர் நகரில், எங்கள் சமையலறைச் சாமித்தட்டுக்கு மேலே, பிள்ளையாருக்குப் பக்கத்தில் அதன் படம் ஒட்டியிருந்தது. டெல்லி அணிவகுப்பில் எடுத்ததை அப்பா பத்திரிகையிலிருந்து வெட்டியிருந்தார். அந்தப் பெட்டிகள் எங்கள் சாப்பாட்டு மேசையை நோக்கியே திரும்பியிருந்தன. எனக்கு அங்கே இருந்து சாப்பிடப் பயம்.

ஞாயிறுகளில், ஆட்டுக்கறி கொதிக்கும் மணத்துக்குள், அப்பாவும் சிவம் மாமாவும் அதைப் பற்றியே கதைப்பார்கள்.

“ரஷ்யாக்காரன் செய்தது. பழசிலை நாலுதான், இதிலை ஆறு,” என்பார் அப்பா.

“சிரியாவிட்டையும் இருக்காம், அண்ணை.”

“இருக்கட்டும். இந்தியா இதோடை வந்து இறங்கினா, எங்கடை ஊருக்கு மேலை குண்டு போட இலங்கை ஆமியின்ரை ஒரு பொம்மரும் பறக்காது.”

அம்மா பிள்ளையாருக்குப் பூ வைத்துவிட்டு அந்தப் படத்துக்கும் ஒன்று வைப்பார்.

இந்தியப் படை வந்து இறங்கியது. மாமா கேக் வாங்கி வந்தார். அதே வருடம் இலை உதிரும் காலத்தில் யாழ்ப்பாணத்துச் செய்தியோடு தொலைபேசி வந்தது. ஷெல் விழுந்து பெரியப்பா செத்துப்போனார்.

“ஆற்றை ஷெல்? ஆர் அடிச்சது?” என்று மட்டும் அப்பா கேட்டார். “இந்தியன் ஆமியின்ரை” என்ற பதிலைக் கேட்டதும் போய்ப் படத்தைக் கிழித்தார். பசை விடவில்லை, சக்கரங்கள் சுவரிலேயே நின்றன.

நேற்று எரிந்த வண்டியையும் யாரோ தங்கள் சாமிக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள்.