கீழே விடத் தெரியாத கை

கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் என் மாப்பிள்ளை காளிதாஸைப் போல ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் வேறு ஆளையே நான் பார்த்ததில்லை. இந்த நாட்டில் அதற்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு. நகைக்கடைக்காரர் என்பதால், போலிஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்து அந்தக் கொம்பை இவர் வாங்கிவிட்டார். வாங்கியதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

என் பெயர் காந்தன். மலாக்கா மாநிலத்து ஜாசினில் டயர் கடை வைத்திருக்கிறேன். அதே வரிசையில் நாலு கடை தள்ளிக் காளிதாஸின் நகைக்கடை. என் தங்கை கமலவேணியைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவரைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்கு உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

காளிதாஸ் பரம்பரைத் தட்டார். பட்டறையில் உட்கார்ந்தால் மடியில் தோல் விரித்துக்கொள்வார். அரம் தேய்க்கும்போது உதிரும் பொன் தூள் அதில்தான் விழ வேண்டும். எழுந்தால் உள்ளங்காலைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். கூட்டிய குப்பையைக்கூடக் கொட்டமாட்டார். டின்னில் சேர்த்து வைத்து, எரித்து, சாம்பலிலிருந்து தங்கம் பிரிப்பார். எது கை தவறினாலும் தரையைத் தொடுமுன் அவர் இடது கை அங்கே போய் நிற்கும். கல்யாண வீட்டில் தம்பதி மேல் போட்ட அட்சதையையும் இந்த மனுஷன் பொறுக்கிவிடுவாரோ என்று கமலவேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

போன வருஷம் சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு நகைக்கடையில் ஹெல்மெட் போட்ட ஆட்கள் சுத்தியலோடு புகுந்து கண்ணாடியை எல்லாம் நொறுக்கிவிட்டுப் போனார்கள். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. என் தங்கை அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடையில் முன்மேசையில் உட்காருகிறவள் அவள்தானே.

"கடைய வித்துட்டு செங்ல தாரணி வீட்டோட போயிடுவோம்," என்று தொடங்கினாள். தாரணி அவர்களுடைய மகள், செங்கில் தொழிற்சாலை வேலை.

காளிதாஸுக்குக் கடைதான் உயிர். அதை விற்பதற்குப் பதில் அவர் கண்டுபிடித்த மருந்துதான் கைத்துப்பாக்கி. கமலவேணி அதற்கும் ஒரு கடிவாளம் போட்டாள்.

"சும்மா இடுப்புல சொருகிக்கிட்டா ஆச்சா? ஒழுங்கா கத்துக்குங்க. கத்துக்குடுக்கிற ஐயா பாஸ்னு சொன்னா கடை இருக்கட்டும். இல்லன்னா தீபாவளிக்கு முன்னாடி வித்துடணும். என்னாங்க, சரியா?"

"சரி," என்றார் காளிதாஸ். அந்த ஒரு வார்த்தையில் கடையே தொங்கியது.

கற்றுக்கொடுக்கிற ஐயா நவரட்ணம், யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த சுடும் கிளப்பில் எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். இஸ்திரி போட்ட காற்சட்டை, மடிப்புக் கலையாத மீசை, யாரைக் கூப்பிட்டாலும் 'ஐசே'. என் மாப்பிள்ளைக்குத் தனியாகப் போகப் பயம். அதனால் வண்டி ஓட்டுவது என் வேலை, வேடிக்கை பார்ப்பது எனக்குக் கூலி.

சுடுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பியில் கல் பதிக்கிற கண் அல்லவா, அட்டையில் குறி தப்பவில்லை. தோட்டா தீர்ந்த பிறகுதான் கூத்து ஆரம்பம்.

"ஐசே, கவனமாக் கேளும்," என்றார் நவரட்ணம். தோட்டா அடுக்கிய மேகசினைக் கையில் தூக்கிக் காட்டினார். "இதை மாத்த ரெண்டு விதம் இருக்குது. தோட்டா மிச்சம் இருக்கேக்க இதை எடுத்துப் பொக்கெட்டுக்குள்ள வைச்சிட்டுப் புதுசைப் போடுறது ஒண்டு. அது ஆறுதலாச் செய்யிற வேலை. தோட்டா முடிஞ்சுபோச்சு, கள்ளன் எதிரில நிக்கிறான் எண்டால், பட்டனை அமத்திப் பழசைக் கீழ விழ விட்டிட்டுப் புதுசைப் போடுறது மற்றது. உமக்கு எது…"

"பாக்கெட்ல வைக்கிறது ஐயா," என்றார் காளிதாஸ், கேள்வி முடிவதற்குள்.

"நீர் பொக்கெட்டைத் தேடி முடிக்கும்வரைக்கும் கள்ளன் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிப்பானோ? கீழ விடும்!"

காளிதாஸ் பட்டனை அழுத்தினார். மேகசின் நழுவியது. தரையைத் தொடுமுன் இடது கை அதைப் பிடித்து, துடைத்து, சட்டைப் பையில் போட்டது. அதோடு விட்டாரா? காலடியில் மஞ்சளாய் மின்னிய காலித் தோட்டாக் கூடுகளைப் பார்த்ததும் மனுஷன் குனிந்தே விட்டார்.

"நிப்பாட்டு! எல்லாரும் நிப்பாட்டு!" நவரட்ணத்தின் மீசை துடித்தது. "சுடுற இடத்தில குனியிறீரோ? பித்தளை ஐசே அது!"

"தெரியும் ஐயா. ஆனா நல்ல பித்தளை," என்றார் என் மாப்பிள்ளை பணிவாக.

வாரா வாரம் இதே கதை. வலது கை நவரட்ணம் சொன்னதைக் கேட்டது, இடது கை அப்பன் பாட்டன் சொன்னதைக் கேட்டது. வீட்டிலும் பழகினார். தோட்டாக்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் துப்பாக்கியோடு மெத்தைமேல் நின்றுகொண்டு பட்டனை அழுத்துவார். மெத்தையில் விழுந்தால் என்ன கேடு? ஆனாலும் பிடித்துவிடுவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நான் சொல்ல, துப்பாக்கி வைத்திருக்கிறவர் முன்னால் சுடுகாட்டைப் பற்றிப் பேசாதே என்று என் தங்கை அதட்டினாள்.

ஒருநாள் பரிதாபமாய் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"விட மாட்டேங்குது மச்சான். மனசு விடுன்னு சொல்லுது, கை கேக்க மாட்டேங்குது. கடை போயிடும் போலிருக்கு."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பாவமாக இருந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். என் மாப்பிள்ளை சுத்த சைவம். பசாரில் மீன் விற்கிற வரிசைப் பக்கம்கூடப் போகமாட்டார். என் வீட்டிலோ மலாக்காவின் பெயர்பெற்ற பெலாச்சான் இல்லாமல் சம்பல் கிடையாது. கூனி இறாலை அரைத்துக் காயவைத்த அந்தப் பொருளின் வாசம் அடுத்த தெருவுக்கும் போகும். அன்று மாலை அதில் ஒரு வில்லையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கரைத்து, அவருடைய பழைய மேகசினின் அடிப்பாகத்தில் தாராளமாகப் பூசினேன்.

"இப்ப அழுத்துங்க மாப்ள."

அழுத்தினார். வழக்கம்போல் பிடித்தார். அப்புறம் உள்ளங்கையை முகர்ந்தார்.

"சிவ சிவா!"

குளியலறையில் சோப்புக் கட்டி தேயும்வரை தண்ணீர் ஓடிய சத்தம் கேட்டது. வெளியே வந்து என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் மறுமுறை அழுத்தியபோது இடது கை பாதி வழியில் தயங்கி நின்றது. மேகசின் மெத்தையில் பொத்தென்று விழுந்தது. கமலவேணி கைதட்டினாள். சில நாளில் இடது கை கீழே போவதை மறந்து, நேராக இடுப்புக்குப் போய்ப் புது மேகசினை எடுக்கப் பழகிவிட்டது. வீடு முழுக்க இறால் வாசம். வீட்டுக்கு வந்தவர்கள், ஐயா எப்போது அசைவத்துக்கு மாறினார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பரீட்சை நாளும் வந்தது. முதல் மேகசின் தீரும்வரை சுட்டு, பக்கத்து இரும்புப் பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கி, மேகசினை மாற்றி, திரும்பவும் சுட வேண்டும். காளிதாஸ் சுட்டார், பதுங்கினார், பழசைக் கீழே விட்டார், புதுசைச் செருகினார், எழுந்து சுட்டார். எல்லாம் ஒரே வீச்சில். குனியவும் இல்லை.

"பாஸ்!" என்று தோளில் தட்டினார் நவரட்ணம். பிறகு மூக்கைச் சுளித்தார். "இதில ஏதோ மணக்குது ஐசே."

வரும் வழியெல்லாம் காளிதாஸ் சிரித்துக்கொண்டே வந்தார். கடை தப்பிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்காகக் கடையைப் பாதி சாத்தியிருந்த நேரம் பார்த்து, செய்ததைக் கமலவேணிக்குச் செய்து காட்ட வேண்டுமென்று ஒரே பிடிவாதம். துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஹெல்மெட்டை மாட்டி, டயர் கழற்றும் ஸ்பேனரைக் கையில் பிடித்து, கள்ளனாக வாசலில் நின்றது நான்தான். ஆளைக் குறி பார்க்கக் கூடாது என்பது நவரட்ணம் சட்டம், அதனால் சுவரில் தொங்கிய காலண்டரைக் குறி பார்த்தார்.

"டுமீல், டுமீல்," என்று வாயால் சுட்டார். சட்டென்று நகைப் பெட்டகத்துக்குப் பின்னால் போனார். ஆள் உயர இரும்புப் பெட்டகம் அது. பழைய மேகசின் தரையில் விழுந்தது, புதுசு ஏறியது, பெட்டகத்தின் ஓரமாய்த் தலை எட்டிப் பார்த்தது. முகமெல்லாம் பல்.

"எப்படி?"

கமலவேணி எப்போதும் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றாள். "நீங்க அங்க நின்னு மாத்துறப்ப நான் எங்க இருக்கேன்?"

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் கையை நீட்டினால் ஸ்பேனர் அவள் தலையில் படும். பெட்டகம் அவளுக்குப் பின்னால் இருந்தது.

"நீயும் இங்க வந்துடு," என்றார் காளிதாஸ். வந்தாள். பெட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவே இருவரும் நெருக்கிப் பார்த்தார்கள். வயிற்றை உள்ளே இழுங்கள் மாப்பிள்ளை என்று நான் யோசனை சொன்னேன். இழுத்தும் அவர் பாதி வெளியே நின்றார். அவர் உள்ளே போனால் அவள் வெளியே நின்றாள். மாறி மாறி நின்றதில் மூன்று பேருக்கும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோனது.

கடைசியில் காளிதாஸ் அவளைத் தோளைப் பிடித்துப் பெட்டகத்துக்குப் பின்னால் முழுசாக நிறுத்திவிட்டு, தான் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப நீங்க?"

"இங்கதான்."

"மேகசின் மாத்துறப்ப?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"கடைய வித்துடலாம் கமலா," என்றார். "செங்குக்கே போயிடுவோம்."

ஒரு வருஷமாக அவள் கேட்டது இதைத்தான். கேட்டது கிடைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"யாரு விக்கச் சொன்னா? இத்தன மாசமா சுடக் கத்துக்கிட்டீங்க, மாத்தக் கத்துக்கிட்டீங்க, நான் எந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்னு ஒரு தடவ திரும்பிப் பாத்தீங்களா? இன்னிக்குத்தானே பாத்தீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடை இருக்கட்டும். வாசலுக்குக் கிரில் போட்டு, ஆளப் பாத்துத் திறக்கிற பூட்டு வைங்க. அதையும் மீறி வந்துட்டா எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"தங்கம் கமலா…"

"தங்கம் போனா மறுபடி செய்வீங்க. என்னைய செய்வீங்களா?"

மனுஷன் குனிந்து, தரையில் கிடந்த பழைய மேகசினை எடுத்துத் துப்பாக்கியோடு பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினார்.

அந்த வாரமே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போலிஸ் நிலையத்துக்குப் போனோம். லைசென்ஸுக்காக இவர் நடந்த நடையை எல்லாம் பார்த்திருந்த மலாய் சார்ஜன்ட் அதிசயப்பட்டார். பரீட்சையில் பெயிலா என்று கேட்டார். இல்லை துவான், பாஸ் என்று மரியாதையாகச் சொன்னார் காளிதாஸ். அப்புறம் ஏன் என்றார் சார்ஜன்ட்.

தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் என் மாப்பிள்ளை நிதானமாகச் சொன்னார்: "ஒளிஞ்சுக்க ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு, துவான். நாங்க ரெண்டு பேரு."