சதுர அடி எங்கே இருக்கிறது

வெளியும் காலமும் உலகின் அடித்தளத்தில் இல்லை, அவை வேறு ஏதோ ஒன்றிலிருந்து உருவாகி வருகின்றன என்பதுதான் என் தம்பியின் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பட்டம் வாங்கி ஊர் திரும்பியவன், ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தான். சென்ற ஆண்டு அங்கே இயற்பியல் துறையில் ஒரு நிரந்தர இடம் காலியானது. போட்டிக்கு வேலூர்க்காரர் ஒருவர் இருந்தார்.

இருவரும் மாதிரி வகுப்பு எடுத்துக்காட்ட வேண்டும். நிர்வாகம் அதை அறிவியல் தின விழாவோடு சேர்த்துவிட்டது. ஒரே பந்தல், ஒரே மைக் செட். நிருபர்களுக்கும் அழைப்பு வந்தது. எங்கள் நாளிதழுக்கு அந்த வட்டாரச் செய்திகளைத் தருவது நான்.

"நீ வராத. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வராது" என்றான் தம்பி.

"உனக்காக வரல. அது என் வேலை" என்றேன்.

முன்வரிசையில் நிர்வாகக் குழு. அனைவரும் தோல் தொழிலில் இருப்பவர்கள். செயலாளருக்குச் சொந்தமாகத் தோல் பதனிடும் ஆலை உண்டு. எங்கள் அப்பா ஓய்வு பெறும்வரை அங்கே அளவு செக்‌ஷனில் இருந்தார். பதப்படுத்திய தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. ஒவ்வொரு தோலையும் மிஷினில் விட்டு, எத்தனை அடி என்று அதன் பின்புறத்தில் குறிப்பார்கள். காயும்போது சட்டத்தில் கிளிப் போட்டு ஒரு தோலைக் கூடுதலாக இழுத்தால் மிஷின் கூடுதலாகக் காட்டும். வாங்குபவரிடம் போய்ச் சேர்வதற்குள் அது சுருங்கிவிடும். அவர் மறுபடி அளந்து பார்த்து நஷ்டஈடு கேட்பதற்கு இங்கே கிளெய்ம் என்று பெயர். செயலாளருக்கு அந்த வாரம்தான் அப்படி ஒரு கிளெய்ம் வந்திருந்தது. ஊருக்கே தெரியும். டீக்கடையில் நின்று ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் இல்லாத என் தம்பிக்கு மட்டும் தெரியாது.

அவன் நன்றாகத்தான் தொடங்கினான். இரண்டு துகள்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அவற்றுக்கிடையே ஒரு பின்னல் இருக்க முடியும் என்றான். தொலைவு முதலில் இருந்து, பின்னல் அதற்குள் நடக்கிறது என்று நினைத்திருந்தோம், தலைகீழாகவும் இருக்கலாம். பின்னல்தான் முதலில். அது அடர்த்தியாக இருக்கும் இடத்தை அருகில் என்கிறோம், தளர்ந்த இடத்தைத் தூரம் என்கிறோம். பின்னலை முழுக்க அறுத்துவிட்டால் வெளி என்பதே துண்டாகிப் போகும். மாணவர்கள் கொட்டாவி விடவில்லை. முன்வரிசை கைப்பேசியில் இருந்தது. அவர்களை நிமிர வைக்க நினைத்தான் போலிருக்கிறது.

"உங்களுக்குத் தெரிஞ்ச பொருளையே எடுத்துக்குவோம் சார். ஒரு தோல்ல சதுர அடி எங்க இருக்கு? எந்த நாருலயும் இல்ல. நாருங்க பின்னியிருக்கிற விதத்துல இருக்கு. அதனாலதான் நீங்க சட்டத்துல போட்டு இழுத்தா அதே தோலு அடி ஜாஸ்தியா காட்டுது."

கைப்பேசிகள் இறங்கின.

"நிறுத்து தம்பி" என்றார் செயலாளர். "யாரு இதச் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். உதாரணம்."

"உதாரணத்துக்கு வேற பொருளே கெடைக்கலயா? ரப்பர் இல்ல? சப்பாத்தி மாவு இல்ல?"

பக்கத்தில் இருந்தவர் காலணி ஆலை வைத்திருப்பவர், செயலாளரிடம் தோல் வாங்குபவர். "இன்னா முதலாளி, பையன் உங்க கம்பெனிய நேர்ல பாத்த மாதிரியே சொல்றான்!" என்றார். பின்வரிசைகள் சிரித்தன.

செயலாளர் சிரிக்கவில்லை. "உங்கப்பா நம்ம அளவு செக்‌ஷன்லதான இருந்தாரு?"

"ஆமா சார்."

"சோறு போட்ட எடத்த மேடையில ஏறி நாறடிக்கிற. அவரு சொல்லிக் குடுத்து அனுப்பினாரா?"

கல்லூரி முதல்வர் எழுந்து மைக்கை வாங்கினார். அவருக்கு விழா கெடாமல் முடிய வேண்டும்; தம்பி மீது கொஞ்சம் பிரியமும் இருந்தது. "தம்பி, நீ சொன்ன இந்த வெளி, காலம், பின்னல், இதெல்லாம் பரிசோதனையில இன்னும் நிரூபணம் ஆகலதான? கணக்குப் போட்டுப் பாத்த ஊகம்தான? அத மட்டும் சொல்லிட்டு எறங்கு. மொத்தமும் ஊகம்னா உதாரணமும் ஊகம்தான்."

நல்ல வழி. பொய் சொல்ல வேண்டியதும் இல்லை. பரிசோதனை எதுவும் இல்லை என்று வீட்டில் அவனே பலமுறை சொல்லியிருக்கிறான்.

"ஆமா சார், நிரூபணம் ஆகல" என்றான். "நாளைக்குத் தப்புன்னுகூட ஆகலாம்."

முதல்வர் கைதட்டக் கை தூக்கினார்.

"ஆனா அது வெளியப் பத்தி. தோல் விஷயம் நிரூபணம் ஆனதுதான். அதுல ஊகம் ஒண்ணுமில்ல."

பின்வரிசையில் விசில் பறந்தது. செயலாளர் எழுந்து வெளியே போனார், குழு அவர் பின்னால் போனது. காலணி ஆலைக்காரர் மட்டும் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ரசித்த முகம். அதைத் துணிச்சல் என்று பிறகு சிலர் சொன்னார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். ஒரு வாக்கியம் அரைகுறையாக நிற்பதை அவனால் பொறுக்க முடியாது, அவ்வளவுதான்.

மேடையை விட்டு இறங்கியதும் யாரோ அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் கேட்டான். "கிளெய்ம் வந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"தோலப் பத்திப் பேசுவன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? நீ பேசறது எதுவும் வீட்ல யாருக்கும் புரியாது. புரியற மாதிரி பேசினது இது ஒண்ணுதான்."

வீட்டுக்குப் போவதற்குள் அப்பாவுக்குத் தொலைபேசி வந்திருந்தது. "என் பேர இழுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். இழுத்தார்கள் என்றேன். சாப்பிடாமல் எழுந்து போனார். ஆலையில் பழைய ஆட்களைப் பார்க்கப் போவதை அதோடு விட்டுவிட்டார். தம்பியோடு இன்றுவரை பேசுவதில்லை.

நிரந்தர இடம் வேலூர்க்காரருக்குப் போனது. அவர் காந்தத்தைப் பற்றி வகுப்பெடுத்திருந்தார். கல்வியாண்டு முடிந்ததும் தம்பியின் தற்காலிக வேலையையும் புதுப்பிக்கவில்லை.

அதற்கெல்லாம் முன்பு, விழாவுக்கு மறுநாளே, நான் கொடுத்த செய்தி சுருங்கி நாலு வரியாக வந்தது. செயலாளர் தலைமை தாங்கினார், முதல்வர் வரவேற்றார், வெளி விரிவடைவது குறித்து விரிவுரையாளர் ஒருவர் பேசினார்.

தம்பி பேப்பரை என் முன்னால் போட்டான். "விரிவடையறத பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. உருவாகறத பத்திப் பேசினேன். ரெண்டும் வேற."

"டெஸ்க்ல மாத்திட்டாங்க."

"திருத்தம் போடச் சொல்லு."

"வேலையே போவப்போவுது உனக்கு. இதுக்குப் போய் திருத்தமா?"

"வேலைய அவங்க எடுத்துக்கட்டும். நான் பேசினத ஒழுங்கா போடு."

போடவில்லை. நாலு வரிச் செய்திக்கு யாரும் திருத்தம் போடுவதில்லை.