சத்தியம் செய்யாத தபீதாள்

"வேதப்புத்தகத்து மேல கையை வச்சி சொல்லுங்க அண்ணி, காசை நீங்க மாத்தலன்னு."

கொழுந்தன் இஸ்ரேல் இப்படிக் கேட்டபோது சித்தூரில் அவன் வீட்டுக் கூடத்தில் பதினாறு பேர் இருந்தார்கள். குடும்ப ஜெபம் அப்போதுதான் முடிந்திருந்தது. தபீதாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர்கூட நிமிரவில்லை.

நாலு பிரெஞ்சுத் தங்கக் காசுகள்தான் விவகாரம். புதுச்சேரியில் துரை வீட்டில் சமைத்த முன்னோர் ஒருவர் கொண்டுவந்தவை. சங்கிலியில் கோத்து, கல்யாணப் பெண்ணின் கழுத்தில் மூத்த மருமகள்தான் அதைப் போடுவாள். இருபத்துநாலு வருஷமாக அது தபீதாளின் பீரோவில் இருந்தது. இஸ்ரேலின் மகள் பிளெஸ்ஸிக்கு நிச்சயம் என்றதும் மெருகு போடத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்து, "மூணு காசுல அடியில 'ஏ' இருக்குது, ஒண்ணுல மட்டும் 'பிபி'. இது யாரோ மாத்தினது" என்று சொல்லிவிட்டார். உரைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள் தபீதாள். "அந்தப் புத்தகத்துலயே, சத்தியமே பண்ணாதேன்னு சொன்னவரு பேரால என்னைச் சத்தியம் பண்ணச் சொல்றியா?"

"மடியில கனம் இல்லன்னா இன்னாத்துக்கு பயம்?" என்றாள் இஸ்ரேலின் மனைவி கேசியா.

"பயந்தவளா இருந்தா சத்தியம் பண்ணிட்டு சாப்பிட உக்காந்திருப்பேன், கேசியா."

புத்தூர் பஸ்ஸில் ஏறியபிறகுதான் அழுகை வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கணவர் அசரியா எட்டு மாசம் படுக்கையில் கிடந்தபோது தன் கம்மலை விற்றாளே தவிர, அந்தச் சங்கிலியைத் தொட்டவளா அவள்? இன்று அவள் திருடி.

புத்தூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. மறுநாள் காலை யாரோ ஒருவரின் ரத்தத்தைச் சொட்டு வைத்து எந்தப் பிரிவு என்று பார்த்தபோது கை நின்றது. எழுத்து வேறு என்பதால் ரத்தம் போலியாகிவிடுமா? அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் போனாள்.

ஸ்டேஷன் பக்கத்தில் பழைய நாணயம் விற்கும் ஹரிபாபு, அவள் போனில் இருந்த காசுகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"'ஏ'ன்னா பாரிஸ் நாணயசாலை. 'பிபி'ன்னா ஸ்ட்ராஸ்பர்க் ஊருதும்மா. ஒரே ராஜா, ஒரே பொன்னு, அடிச்ச ஊரு மட்டும் வேற. யுத்தத்துல அந்த ஊரு ஜெர்மனிக்குப் போனதும் 'பிபி' நின்னுபோச்சு." சிரித்தார். "கள்ளக்காசு பண்றவன் பக்கத்துக் காசுல இருக்கற எழுத்தைத்தானே கொத்துவான்? இன்னொண்ணை ஏன் தேடிக்கினு போறான்?"

"அவங்க நம்பணுமே."

"எடை போடுங்க. ஒவ்வொண்ணும் ஆறரை கிராமுக்குத் துளி கம்மியா இருக்கும். இதே அளவுல பித்தளை பண்ணா அந்தக் கனம் வரவே வராது."

அவருடைய நாணயப் புத்தகத்தையும் சின்னத் தராசையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நிச்சயத்தன்று காலை, அழைப்பில்லாமல், அதே கூடத்துக்குள் நுழைந்தாள். அதே உறவுக்காரர்கள். கேசியா வழிமறிக்க வந்தாள்.

"சங்கிலியை எடுத்துக்கினு வா பிளெஸ்ஸி" என்றாள் தபீதாள். பெண் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே எடுத்துவந்தாள்.

வளையத்திலிருந்து காசுகளைக் கழற்றி, எல்லார் கண் முன்னாலும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். நாலும் ஏறக்குறைய ஒரே எடை. புத்தகத்தில் இருந்த 'பிபி' காசின் படத்தை இஸ்ரேலிடம் நீட்டினாள். அவன் காசை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"உன் ரத்தம் ஓ பாசிட்டிவ், கேசியாவோடது பி. நானே டெஸ்ட் பண்ணேன். உங்கள்ல யாரை யாரு மாத்தினாங்க?" என்றாள். பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள்.

இஸ்ரேல் புத்தகத்தை மூடினான். "ஆண்டவரு கண்ணைத் தொறந்துட்டாரு அண்ணி. எல்லாரும் கண்ணை மூடி ஒரு ஜெபம் பண்ணலாம்."

"கண்ணை மூடறதுக்கு முன்னாடி வாயைத் தொற, தம்பி. கேட்டது இந்தக் கூடத்துல. கேட்டவங்க எல்லாரும் இருக்காங்க."

"அதான் சரியாப் போச்சே அண்ணி, நல்ல நாளும் அதுவுமா..."

தபீதாள் நாற்காலியை இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது. காசுகளை மறுபடி கோத்த சங்கிலி அவள் மடியில் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

இஸ்ரேல் வாசலைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், கடைசியில் பதினாறு பேரையும் பார்த்தான்.

"அண்ணி எதையும் மாத்தல" என்றான். "தப்பா சொன்னது நான்தான்."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவன் இன்னொரு தடவை, உரக்கச் சொன்னான். தபீதாள் எழுந்து பிளெஸ்ஸியைப் பக்கத்தில் அழைத்தாள்.